பழைய பெட்டகமும் புதிய கூடமும்

உடைக்கு இருப்பது போலவே வீட்டின் உள்ளலங்காரத்துக்கும் காலந்தோறும் ஒரு மோஸ்தர் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்னர், கூடத்திற் கிடக்கும் கதிரைகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருத்தலே நாகரிகம் எனக் கருதப்பட்டது. கதிரை நான்கும் ஒரே நிறம். மேசை அதே மரம். திரைச்சீலை அதற்கு இசைந்த மென்னிறம். இன்று அவ்வெண்ணம் மாறி வருகின்றது. பாட்டனார் காலத்துப் பெட்டகத்துக்கு அருகே நேற்று வாங்கிய கண்ணாடி மேசை. செங்காவிச் சுவரிலே மயில் நீலத் திரை. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் லாந்தர். இளந்தம்பதியர் பலர் இவ்வாறு வீட்டை அமைக்க விழைகின்றனர். சஞ்சிகைகளும் வண்ணப் படங்களுடன் இதனைப் போற்றுகின்றன.

இதனைக் கண்டு முதியோர் சிலர் நகைக்கின்றனர். "பழைய இரும்புக் கடை போல இருக்கின்றதே!" என்பது அவர் கூற்று. இளையோரோ இது மேனாட்டிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுமை என்று எண்ணி மகிழ்கின்றனர். இரு சாராரும் ஒருமுறை திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பழைய வீடொன்றினுள் நுழைந்து பார்ப்பாராயின், முதியோர் நகைப்பை அடக்குவர். இளையோர் வியப்பை அடக்குவர். துணிவு, கலப்பு, பழமை என்னும் இம்மூன்றும் துறைமுகத்து வீட்டுக்குப் புதியன அல்ல. கடல் கொண்டுவந்து தந்ததை ஏற்று, தன் முற்றத்தைச் சுற்றி வைத்துக்கொள்வதே அவ்வீட்டின் இயல்பாக இருந்தது.

நம் ஊரின் வரலாறு யாவரும் அறிந்ததே. 1624ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பிரான்சியரும் அதற்கு உரியவராயினர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்று, 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கிலேயரின் கடற்படை 1957ஆம் ஆண்டில்தான் இத்துறைமுகத்தை விட்டு நீங்கியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இத்தனை கைகள் மாறிய ஊரிலே வீட்டுப் பொருள்கள் மட்டும் ஓரினமாக இருத்தல் எங்ஙனம் இயலும்?

பொருள்களைத் தேடிச் செல்லவும் வேண்டா. நம் நாவே சான்று பகரும். கதிரையில் இருந்து, மேசையில் எழுதி, அலுமாரியைத் திறந்து, சாவியை வைத்துவிட்டு, சன்னலைச் சாத்திக் குசினிக்குச் செல்கின்றோம். இவ்வொரு வாக்கியத்தில் வரும் கதிரை, மேசை, அலுமாரி, சாவி, சன்னல், குசினி ஆகிய ஆறும் போர்த்துக்கேய மொழி தந்த சொற்கள். மேசையின் லாச்சியோ ஒல்லாந்தர் வழி வந்தது. பாயும் பெட்டியும் விளக்கும் திண்ணையும் முற்றமும் நம்முடையவை. தனித்தமிழில் தம் வீட்டுக் கூடத்தை விவரிக்க முயலும் மாணவன் சிறிது நேரத்தில் திகைத்து நிற்பான். அதற்காக அவன் நாணவேண்டுவதில்லை. வந்த சொல்லைத் தமிழ் தன் ஒலிக்கு இசைவித்து வீட்டினுள் இருத்திக்கொண்டது. வீடும் அவ்வாறே வந்த பொருளைத் தன் வாழ்வுக்கு இசைவித்துக்கொண்டது.

இனி, பொருள்களைச் செய்த கைகளை நோக்குவோம். திருகோணமலையைச் சூழ்ந்த காடுகள் முதிரைக்கும் பாலைக்கும் கருங்காலிக்கும் பெயர் பெற்றவை. கிழக்கிலங்கையிலே தச்சுத் தொழிலிலும் கொல்லுத் தொழிலிலும் சிறந்து விளங்கியவருள் பறங்கியர் சமூகத்தார் குறிப்பிடத்தக்கவர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் தமிழையும் ஒருங்கே பேசிய இம்மக்கள் மட்டக்களப்பிலும் நம் பாலையூற்றிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருபவர். ஐரோப்பிய அமைப்பு, இலங்கை மரம், இந்நாட்டுத் தச்சனின் உளி ஆகிய மூன்றும் கூடிப் பிறந்தவையே நாம் இன்று 'பழங்காலத்துக் கதிரை' என்று வியப்பவை.

அவற்றுள் சிலவற்றை மாணவர் அறிந்து வைத்தல் நன்று. வட்டமான இருக்கையும் ஆறு கால்களும் பிரம்புப் பின்னலும் கொண்ட ஒருவகைக் கதிரை ஒல்லாந்தர் காலத்தது. அந்நாட்டு நகரத் தலைவரின் பதவிப் பெயரால் 'பேர்கோமாஸ்டர் கதிரை' என இன்று வழங்குகின்றது. காலை நீட்டி வைப்பதற்கேற்ப நீண்ட கைகளைக் கொண்ட சாய்மனைக் கதிரை தோட்டத் துரைமார் விரும்பியது; பின்னர் நம் விறாந்தைகளிலே பெரியவர்கள் பத்திரிகை படிக்கும் இருக்கையாயிற்று. இவ்விரண்டிலும் பஞ்சு மெத்தை இல்லை. பிரம்புப் பின்னலே உண்டு. ஏன்? வெப்ப நாட்டிலே முதுகுக்குக் காற்று வேண்டும். ஐரோப்பிய வடிவத்தை ஏற்றபோதும் நம் காலநிலைக்கு ஒவ்வாததை நம் தச்சர் ஏற்கவில்லை. கலப்பு என்பது கண்மூடிக் கொள்வது அன்று. தெரிந்து கொள்வது என்பதற்கு இப்பின்னலே போதிய சான்று.

நிற்க. கலவை அலங்காரத்தை ஐரோப்பாவுக்குக் கற்பித்தவருள் ஒருவராக இங்கிலாந்து எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் என்பாரைக் கூறுவர். 1717ஆம் ஆண்டு பிறந்த இவர், இலண்டனுக்கு அருகே தேம்ஸ் நதியோரத்தில் 'ஸ்ட்ரோபெரி ஹில்' என்னும் மாளிகையை அமைத்தார். அக்காலத்து இங்கிலாந்துப் பிரபுக்கள் கிரேக்க, உரோமானிய வடிவங்களை அளவு பிசகாமற் பின்பற்றிக்கொண்டிருக்க, இவரோ பழைய தேவாலயங்களின் கூர்வளைவுகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் பலநாட்டுப் பழம்பொருள்களையும் தம் வீட்டில் அஞ்சாது கலந்தார். அவர் பெரிதும் போற்றியவை சில கருங்காலிக் கதிரைகள். 1763ஆம் ஆண்டு அவற்றை வாங்கிய வால்போல், அவை இங்கிலாந்தைத் தியூடர் மன்னர் ஆண்ட காலத்தில் அந்நாட்டிலேயே செய்யப்பட்டவை என்று நம்பினார். அவரைப் பின்பற்றிப் பிரபுக்கள் பலரும் அத்தகைய கதிரைகளைத் தேடித் தேடி வாங்கினர்.

பிற்காலத்து ஆராய்ச்சி உண்மையை வெளிப்படுத்தியது. அவை இங்கிலாந்தில் செய்யப்பட்டவை அல்ல. தியூடர் மன்னர் காலத்தவையும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலே நம் தச்சர் கடைந்தும் செதுக்கியும் செய்து, கப்பலேறிச் சென்றவை அவை! ஆங்கிலப் பிரபுக்கள் தம் மூதாதையரின் சொத்தென்று தடவிப் பார்த்த கதிரையின் கால், வங்கக் கடலோரத்துக் கடைசற் பட்டறையில் உருண்ட கால். மேனாட்டு மோஸ்தர் என்று நாம் எண்ணுவதன் அடியைத் தோண்டினால் சில வேளைகளில் நம் உளியின் சுவடே தென்படுகின்றது.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டிலே செட்டிநாட்டைக் காண்போம். கலப்பிலே துணிவு என்பதற்கு அதனினும் சிறந்த எடுத்துக்காட்டுத் தமிழுலகில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ 1940கள் வரை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் நம் இலங்கையிலும் வாணிகம் செய்து ஈட்டிய பொருளைக் கொண்டு, வானம் பார்த்த தம் சிற்றூர்களிலே மாளிகைகளை எழுப்பினர். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியத்துக் கண்ணாடி, ஜப்பானிய ஓடு ஆகிய யாவும் அங்கே கூடின. இலங்கை முதிரையும் கப்பலேறிச் சென்று அவ்வீடுகளிற் குடிபுகுந்தது. இவ்வளவும் கூடியும் அவ்வீடுகள் குழப்பமாகத் தோன்றவில்லை. காரணம் யாது? பொருள்கள் பல நாட்டவை. வீட்டின் அமைப்போ தமிழருடையது. திண்ணை, வளவு, முற்றம், சமையற்கட்டு என்னும் வரிசை மாறவில்லை. திருமணமும் நோன்பும் நடக்கும் இடங்கள் நடக்குமிடத்திலேயே நடந்தன. எலும்பு நம்முடையதாக இருந்தமையால் எந்த அணியும் அதன்மேல் பொருந்தியது.

வெளிநாட்டுத் தரையோடுகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு ஏற்ப, ஆத்தங்குடி என்னும் ஊரிலே நம்மவர் தாமே தரையோடு செய்யவும் தலைப்பட்டனர். கண்ணாடித் தகட்டின்மேல் உலோகச் சட்டத்தை வைத்து, அதன் பூவேலைப் பள்ளங்களில் நிறம் கலந்த சீமெந்துக் குழம்பைக் கையால் ஊற்றுவர். பின் மணலும் சீமெந்தும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து உலர்த்துவர். சூளை இல்லை, நெருப்பு இல்லை. கண்ணாடியிலிருந்து கழற்றும்போது அதன் வழவழப்பை ஓடு தானும் பெற்றுவிடும். நாளும் கால் படப்பட மெருகேறும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கருமையும் ஒருங்கே சிரிக்கும் அத்தரையைக் கண்டவர், தமிழர் அழுத்தமான நிறத்துக்கு அஞ்சுபவர் என்று ஒருநாளும் சொல்லார்.

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். சட்டம் பயின்று, பின்னர் 1957இல் தம் முப்பத்தெட்டாம் வயதிலே கட்டடக் கலைஞரான ஜெப்ரி பாவாவின் பெயரை மாணவர் அறிவர். கோட்டேயில் 1982ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் அவர் வரைந்ததே. அவர் தாம் வாழ்ந்த வீட்டை அமைத்த வரலாறு நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. கொழும்பிலே ஒரு சிற்றொழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளுள் ஒன்றில் 1958ஆம் ஆண்டு குடிபுகுந்தார். பத்தாண்டுகளில் நான்கையும் ஒன்றாக இணைத்தார். இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் கதவுகளையும் தூண்களையும் அதனுள் பொருத்தினார். செட்டிநாட்டிலிருந்து வந்த மரத்தூண்கள் அங்கே சிறு முற்றத்தின் ஓரத்தில் நிற்கின்றன. ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் பிரெண்ட் வண்ணந்தீட்டிய கதவும் உண்டு. ஒரு காலத்தில் இலங்கை முதிரை செட்டிநாட்டுக்குச் சென்றது. பிறிதொரு காலத்தில் செட்டிநாட்டுத் தூண் இலங்கைக்கு வந்தது. கடல் இரு வழிப் பாதையன்றோ?

பாவாவின் வீட்டிலே நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. அத்தனை பொருள்கள் இருந்தும் அவ்வீடு பண்டகசாலை போலத் தோன்றுவதில்லை. சுவர் வெள்ளை, தரை எளிமை, ஒவ்வொரு பொருளுக்கும் சுற்றிலும் வெற்றிடம், மேலிருந்து ஒளி. பேச்சிலே இடையிடையே மௌனம் இருந்தால்தான் சொல் எடுபடும். அலங்காரத்திலும் அவ்வாறே.

இவ்வழியில் அவர் தனியர் அல்லர். மினெட் டி சில்வா என்னும் அம்மையார் அவருக்கு முன்னரே, 1949 முதல் 1951 வரை கண்டியிற் கட்டிய கருணாரத்ன இல்லத்தில், தும்பறைப் பாய்ப் பின்னலைப் புதுப்பாணிக் கட்டடத்தினுள் கொண்டுவந்து வைத்தார். கிராமத்துக் கைவினைஞர் நெய்ததும் நகரத்துக் கொங்கிறீற்றும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தன. பாத்திக்குத் துணியிலே எனா டி சில்வாவும், கைத்தறியிலே பார்பரா சன்சோனியும் துணிந்து சேர்த்த நிறங்கள் நம் நாட்டு வீடுகளின் உட்புறத்தையே மாற்றின. செம்மஞ்சளுக்கு அருகே இளஞ்சிவப்பும், அதற்கு அருகே பச்சையும் வைக்கலாகாது என்றிருந்தோர், அவர் துணிகளைக் கண்டபின் வாய் மூடினர். நம் கோயிற் கொடிகளிலும் கூறைச் சேலையிலும் அந்நிறங்கள் என்றும் அருகருகே இருந்தவை தாமே!

இதுகாறும் கூறியவை இவ்வழகின் ஒளிப்பக்கம். இதற்கு இருட்பக்கமும் உண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று.

பழைய தூண் ஒன்று விலைக்கு வருகின்றதென்றால், எங்கோ ஒரு பழைய வீடு விழுந்தது என்பது பொருள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலே பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. கதவு, தூண், பீங்கான், ஊறுகாய் ஜாடி, எனாமல் பாத்திரம், வண்ணம் போன கடவுட் படம் ஆகிய யாவும் அங்கே குவிந்து கிடக்கும். பார்ப்பவருக்குக் களிப்பு, எண்ணுபவருக்குக் கலக்கம். அவற்றுட் பல, உரியவர் பலராகப் பிரிந்து பராமரிக்க இயலாது போன மாளிகைகளிலிருந்து கழற்றப்பட்டவை. நாம் 'பழமை மோகம்' கொண்டு வாங்கும் ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவைக் கழற்றுவதற்கு விலை கூறுகின்றது. மோகம் கூடினால் விலை கூடும். விலை கூடினால் வீடு விரைந்து வீழும்.

கலப்பு என்பது வன்முறையாலும் நிகழும் என்பதைத் திருகோணமலையாருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கோணேசர் கோயிலை இடித்துப் பெயர்த்த கற்களைக் கொண்டே போர்த்துக்கேயர் கோட்டை எழுப்பினர். கோயிற் கல்லும் கோட்டைக் கல்லும் ஒரே சுவரில் இருப்பதும் ஒருவகைக் கலவைதான். அதனைக் கண்டு அழகென்று கூற எவருக்கும் மனம் வருமோ? ஆகவே, பலவகைப் பொருள்கள் ஓரிடத்திற் கூடுவதனால் மட்டும் அழகு பிறப்பதில்லை. அவை எவ்வாறு வந்தன என்பதும் கேட்கப்பட வேண்டும். விருந்தாக வந்ததா? உழைத்து ஈட்டியதா? தாய் மகளுக்குக் கொடுத்ததா? அன்றி, ஒருவர் கையறுநிலையில் விற்றதை நாம் மலிவாகக் கொண்டதா?

இக்கேள்வி நம் ஊருக்கு மிக நெருக்கமானது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1964 டிசம்பரிலே சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. 1983 முதல் 2009 வரை நீண்ட போர் எத்தனையோ குடும்பங்களைப் பலமுறை எழுப்பி அலைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர வீடுகளுள் புகுந்து, இருந்ததையும் வாரிச் சென்றது. ஆதலால் இவ்வூரில் ஒரு பழைய பெட்டகம் எஞ்சி நிற்பது பெரிய காரியம். அது சந்தைக்கு வருமாயின், பெரும்பாலும் ஒரு குடும்பம் வெளிநாடு செல்கின்றது, அல்லது கடன் தீர்க்கின்றது என்றே கொள்ளலாம்.

எம் மாணவருக்கு ஒருமுறை, "எமது வீட்டின் மிக மூத்த பொருள்" என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். உரல் என்றான் ஒருவன். அரிக்கன் லாம்பு என்றான் இன்னொருவன். துறைமுகத்தில் வேலை செய்த பூட்டனார் கொணர்ந்த கப்பல் மணி என்றான் மற்றொருவன். பின்வரிசை மாணவன் ஒருவன் அரைப்பக்கமே எழுதியிருந்தான். அவர்கள் வீட்டில் மூத்த பொருள் ஒரு சாவி. 1990ஆம் ஆண்டு அவனுடைய அம்மம்மா வீட்டைப் பூட்டிவிட்டுக் குழந்தைகளுடன் புறப்பட்டபோது சேலைத் தலைப்பில் முடிந்துகொண்ட சாவி அது. திரும்பிச் சென்றபோது கதவும் இல்லை, சுவரும் இல்லை. சாவியை அவர் எறியவில்லை. "இது பழம்பொருளாகுமா, சேர்?" என்று கட்டுரையின் அடியில் அவன் கேட்டிருந்தான்.

ஆகும் என்று எழுதிக் கொடுத்தோம். அதனைத் தகரப் பெட்டியினுள் இட்டு வைக்காமல், கூடத்துச் சுவரிலே ஒரு சிறு பலகையிற் பொருத்தி மாட்டுமாறும் கூறினோம். ஆயிரக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய ஒல்லாந்துக் கதிரை அச்சாவிக்கு ஈடாகாது. கதிரையின் கதை கடைக்காரர் கூறுவது. சாவியின் கதை அவ்வீட்டாருடையது.

இதிலிருந்து நாம் பெறும் முடிபு இதுவே: துணிவான, கலவையான, பழமையான அலங்காரத்துக்கு முதலிடம் கடைத்தெரு அன்று, நம் வீட்டுப் பரணும் பின்கட்டும் தாம். தம் வீட்டுப் பித்தளைக் குடத்தை நிறைக்கு விற்றுவிட்டு, பிறர் வீட்டுப் பித்தளைக் குடத்தைப் 'பழம்பொருள்' என்று பன்மடங்கு விலைக்கு வாங்குவாரைக் காண்கின்றோம். இதனினும் பெரிய வேடிக்கை உண்டோ?

குடும்பத் தலைவியருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் கூற விரும்புகின்றோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

ஓர் அறைக்கு ஒரு பெரிய பொருளே தலைவன். பெட்டகம் வைத்த அறையில் பேரலுமாரியும் வைத்தால் இரண்டும் சண்டையிடும். மற்றவை அதற்குப் பணிந்து நிற்கட்டும். பலவகைக் கதிரைகள் இருப்பின், அவற்றை இணைப்பதற்கு ஒரு நிறத்தைத் தெரிந்துகொள்க. மெத்தை உறை, திரை, ஒரு பூச்சாடி ஆகிய மூன்றிலும் அந்நிறம் திரும்பத் தோன்றினால் உறவு பிறந்துவிடும். அழுத்தமான நிறம் பூச விரும்புவோர் நான்கு சுவருக்கும் பூசற்க. ஒரு சுவருக்குப் பூசி, ஒரு மாதம் வாழ்ந்து பார்க்க. சிவப்புச் சீமெந்துத் தரை உள்ள வீட்டார் அதனை உடைத்து வழுக்கும் ஓடு பதிக்க விரைதல் வேண்டா. அதுவே வீட்டின் மிகத் துணிவான நிறம்.

பழைய பொருளை அதன் தொழிலிலேயே வைத்திருத்தல் நன்று. இயலாவிடின் புதுத் தொழில் கொடுக்க. பெட்டகத்திற் போர்வைகள் இருக்கலாம். கடகத்திலே பத்திரிகைகள் இருக்கலாம். நார்ப்பெட்டியில் ஊசியும் நூலும் இருக்கலாம். தொழிலற்ற பொருள் தூசி சேர்க்கும். தூசி சேர்ந்த பொருள் நாளடைவில் வெறுப்பைச் சேர்க்கும்.

கடற்காற்று நம் ஊரின் செல்வம். ஆயினும் இரும்புக்குப் பகை. இரும்புத் தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் இடையிடையே சிறிது எண்ணெய் தடவுக. பித்தளையைப் புளியிட்டு விளக்கி, நன்கு கழுவி, ஈரம் அறத் துடைத்தல் நம் பாட்டியர் அறிந்த வழி. பிரம்புப் பின்னல் தொய்ந்துவிட்டால் கதிரையை எறியவேண்டா. பின்னலின் அடிப்புறத்தை ஈரத்துணியால் நனைத்துக் காற்றாட உலர விடுக. பெரும்பாலும் மீண்டும் இறுகும். மரப்பெட்டகத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கையகலம் தள்ளி வைத்தால் ஈரமும் செல்லும் அணுகுவதை எளிதிற் காணலாம். கருங்காலிக்கும் முதிரைக்கும் எனாமல் வர்ணம் பூசுவதை மட்டும் தவிர்த்தல் வேண்டும். மரத்தின் ரேகையை மறைத்த பின் அது எந்த மரமாயிருந்தால் என்ன?

விற்கத்தான் வேண்டும் என்னும் நிலை வந்தால், அவசரப்படாது அறிந்தவர் இருவரிடமேனும் காட்டி மதிப்பைக் கேட்டறிக. தொல்பொருள்கள் குறித்து நம் நாட்டில் 1940ஆம் ஆண்டு முதல் சட்டம் உள்ளது. அனுமதிப்பத்திரம் இன்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்க.

மனம் இருந்தால் எவ்வளவும் காக்கலாம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறுவோம். எனா டி சில்வாவுக்காக ஜெப்ரி பாவா 1960 முதல் 1962 வரை கொழும்பு அல்பிரட் பிளேசில் ஒரு வீடு கட்டினார். நடுவே பெரிய முற்றம், சுற்றிலும் விறாந்தை, நாட்டோடு, மரத்தூண், கல். இறக்குமதிப் பொருளை நாடாது உள்ளூர்ப் பொருளாலேயே புதுமை காணலாம் என்று காட்டிய வீடு அது. 2009ஆம் ஆண்டு அந்நிலம் கைமாறியபோது வீடு இடிபடும் நிலை வந்தது. அதனைக் காக்க விரும்பியோர் கல்லுக்கும் மரத்துக்கும் எண்ணிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்று மீண்டும் கட்டி எழுப்பினர். பல ஆண்டு உழைப்பு அது.

நம்மால் ஒரு வீட்டைக் கழற்றிக் கட்ட இயலாது. ஆனால் அவர்கள் செய்த முதற்காரியத்தை நாமும் செய்யலாம். அவர்கள் முதலில் எண்ணிட்டார்கள், பதிந்தார்கள். அடுத்த விடுமுறை நாளிலே பிள்ளைகள் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, வீட்டிலுள்ள பழைய பொருள்களுக்கு ஒரு பதிவேடு எழுதட்டும். பொருளின் பெயர், மரம் அல்லது உலோகம், யார் கொண்டுவந்தது, எந்த ஆண்டளவில், எதற்காக என்னும் ஐந்து கேள்விகள் போதும். விடைகளை அம்மம்மாவிடமும் அப்பப்பாவிடமும் கேட்க. அவர்கள் இருக்கும்போதே கேட்க. எழுதியதன் படியொன்றைப் பெட்டகத்து மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைக்க.

பின்னர் அப்பெட்டகத்தைப் பின்கட்டிலிருந்து கூடத்துக்கு நகர்த்துங்கள். புதிய கதிரைகளுக்கு நடுவே அது சற்று வேறுபட்டுத் தோன்றலாம். தோன்றட்டும். வீட்டுக்கு வருபவர் "இது என்ன?" என்று கேட்பர். கேட்டவருக்குப் பதில் சொல்ல வீட்டிலே ஒரு பிள்ளை ஆயத்தமாக இருக்குமாயின், அவ்வீடு அலங்கரிக்கப்பட்டுவிட்டது என்றே கொள்வோம்.